மைதானத்துக்கு ஏன் அஞ்சலை என்று பெயர்?

வாசகர் கேள்வி – பதில்

மொரீசியஸின் வடக்கே 34 ஆண்டுகள் வரலாறும் புவியியலும் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியை இந்த இதழில் பதில் எழுதுகிறார்.

அன்புள்ள டீச்சர், ஏழாம் வகுப்புக்குச் சமூகக்கல்வி எடுக்கிறேன். வேலைக்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. விசாரித்துக் கற்கும் முறையில் பாடம் நடத்துங்கள், பிள்ளைகளைச் சிந்திக்க வையுங்கள் என்று பயிற்சியில் சொன்னார்கள். நானும் விளக்கத்தைக் குறைத்துக் கேள்விகளாகவே கேட்கிறேன். 36 பிள்ளைகளில் யாரும் வாய் திறப்பதில்லை. திறக்கும் ஓரிருவரும் என் முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் பதில் சொல்கிறார்கள். தவறு எங்கே?
– ஓர் ஆசிரியர், கூட்லண்ட்ஸ்

தம்பி, முகத்தைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, பாதிப் பதிலை அதிலேயே சொல்லிவிட்டீர்கள். விடை டீச்சரிடம் இருக்கிறது என்று பிள்ளைகளுக்குத் தெரிந்துவிட்டால் அவர்கள் விடையைத் தேட மாட்டார்கள், உங்களைப் படிக்கத் தொடங்கிவிடுவார்கள். உங்கள் புருவம் ஏறுகிறதா, தலை அசைகிறதா என்று கவனிப்பதில் அவர்கள் மிகத் தேர்ந்தவர்கள்.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவள் ஒரு பதினோரு வயதுப் பெண். நான் பணியில் சேர்ந்த நான்காம் ஆண்டு. "கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து ஏன் ஆள் கொண்டுவந்தார்கள்?" என்று வகுப்பில் கேட்டுவிட்டு, ஒவ்வொரு பதிலுக்கும் "இல்லை, அடுத்து" என்று சொல்லிக்கொண்டே போனேன். கடைசி வரிசையிலிருந்து அவள் எழுந்து, "மிஸ், உங்களுக்குத்தான் பதில் தெரியுமே, பிறகு ஏன் எங்களைக் கேட்கிறீர்கள்?" என்றாள். துடுக்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதுவரை நான் நடத்தியதெல்லாம் கேள்விக்குறி போட்ட மனப்பாடம்தான் என்று புரிந்தது.

அதன் பிறகு பல ஆண்டுகள் தட்டுத் தடுமாறி நான் வந்து சேர்ந்த ஒரு பாடத்தைச் சொல்கிறேன். வடக்கில் வேலை செய்கிறீர்கள் என்பதால் உங்களுக்கு இது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

பெல் வியூவில் உள்ள அஞ்சலை மைதானத்தை உங்கள் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். அப்பாவுடன் கால்பந்து பார்க்கப் போயிருப்பார்கள், இல்லையென்றால் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பார்கள். "அந்த மைதானத்துக்கு ஏன் அந்தப் பெயர்?" என்று மட்டும் கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்வேன். யாரோ விளையாட்டு வீராங்கனை என்று ஒருவன் சொல்வான். மந்திரியின் அம்மாவாக இருக்கலாம் என்பான் இன்னொருவன். எல்லா ஊகத்தையும் கரும்பலகையில் எழுதுவேன். எதையும் அடிக்க மாட்டேன், எதற்கும் தலையசைக்கவும் மாட்டேன்.

பிறகு மேசைக்கு மூன்று தாள்கள் போகும். ஒன்று, 1943 செப்டம்பர் 27 அன்று பெல் வியூ ஆரெல் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் மீது போலீஸ் சுட்டது பற்றி அரசு நடத்திய விசாரணையிலிருந்து ஒரு பத்தி. இரண்டு, அந்தக் காலத்துச் செய்தித்தாள் நறுக்கு. மூன்று, அந்தப் பக்கத்தில் வாழ்ந்த ஒரு பாட்டி என்னிடம் சொன்னதை அப்படியே நான் எழுதிவைத்தது. அந்தத் துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். அவர்களில் அஞ்சலை கூப்பென் ஒருவர், வயிற்றில் பிள்ளையோடு இருந்தவர். இன்னொருவர் பதின்ம வயதுப் பையன். இந்த விவரங்களை நானே முதலில் சொல்லிவிடுவேன். ஒளித்துவைத்துக் கண்டுபிடிக்கச் சொல்வதற்கு ஒரு சாவு விடுகதை இல்லை.

நான் கேட்பது இதுதான்: "மூன்று தாளும் ஒரே நாளைப் பற்றியவை. ஒவ்வொன்றும் கதையை எங்கிருந்து தொடங்குகிறது?" ஒரு தாள் போலீஸ் வந்து நின்ற இடத்திலிருந்து தொடங்கும். ஒன்று கூலியிலிருந்து. பாட்டி அஞ்சலையின் வீட்டிலிருந்து தொடங்கினார். இதைப் பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டால் அடுத்த கேள்வி தானாக அவர்கள் வாயிலிருந்தே வரும்: "இதை எழுதியது யார், மிஸ்?" அந்தக் கேள்வி அவர்களிடமிருந்து வருவதற்காகத்தான் நான் அவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன். இந்தப் பாடத்தின் கடைசியில் எனக்கே விடை தெரியாத ஒன்று எப்போதும் மிஞ்சும். ஒரு பையன், "சுடச் சொன்னவர் அன்று இரவு வீட்டில் என்ன சொல்லியிருப்பார்?" என்று கேட்டான். அதை எழுதிவைத்த தாள் எங்கும் இல்லை. அது இல்லை என்பதையும் வரலாற்றில் ஒரு செய்தியாகக் கொள்ளலாமா என்று அரை மணி நேரம் பேசினோம். மணி அடித்ததைக்கூட யாரும் கவனிக்கவில்லை.

அமைதியைப் பற்றி இரண்டு வார்த்தை. அமெரிக்காவில் மேரி பட் ரோ என்பவர் வகுப்புகளைப் பதிவு செய்து பார்த்தார். கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று வினாடியாக நீட்டியபோது பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று வினாடி என்பது வகுப்பில் நிற்கும்போது மூன்று நிமிடம் போல இருக்கும். மனதுக்குள் எண்ணுங்கள். ஐந்து வரைகூட எண்ணலாம்.

இன்னொன்று, பிள்ளைகள் எந்த மொழியில் பேசுகிறார்கள் என்று பாருங்கள். தாள்கள் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இருக்கும். பிள்ளைகள் வீட்டில் பேசுவது கிரியோல், சில வீடுகளில் கொஞ்சம் தமிழ் அல்லது போஜ்புரி. வாதம் செய்யும்போது வீட்டு மொழியில் செய்யட்டும், எழுதும்போது தேர்வு மொழியில் எழுதட்டும். "ஆங்கிலத்தில் சொல்" என்று நடுவில் குறுக்கிட்டால் அந்தச் சிந்தனை அங்கேயே அறுந்துபோகும். நான் பலமுறை அறுத்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

36 பேருக்கு ஒரு வாரத்தில் இப்படி ஒரு பாடம் போதும். எல்லாப் பாடத்தையும் இப்படி நடத்த வேண்டாம். முடியவும் முடியாது.

வணக்கம் அம்மா. என் மகன் ஆறாம் வகுப்பு. இந்த ஆண்டு ஆரம்பப் பள்ளி இறுதித் தேர்வான பி.எஸ்.ஏ.சி. எழுதுகிறான். அவனுடைய ஆசிரியை பாடமே நடத்துவதில்லை, பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து பேசுகிறார்கள் என்கிறான். நான் படித்த காலத்தில் ஆண்டுகளையும் ஆளுநர்களின் பெயர்களையும் ஒப்பித்தோம், பாஸானோம். இது நேரத்தை வீணாக்குவது இல்லையா?
– ஒரு தாய், ரோஸ் ஹில்

மகளே, உங்கள் கவலையை நான் தள்ளிவிட மாட்டேன். 'நீங்களே கண்டுபிடியுங்கள்' என்று பிள்ளைகளை விட்டுவிட்டு மேசையில் உட்கார்ந்திருப்பது கற்பித்தல் ஆகாது. ஒன்றுமே தெரியாத ஒரு துறையில் வழிகாட்டாமல் விட்டால் புதிதாகக் கற்பவரின் மனம் பாரம் தாங்காமல் திணறும் என்று 2006-இல் மூன்று ஆய்வாளர்கள் வலுவாக வாதிட்டார்கள். வகுப்பறையில் நான் கண்டதும் அதுதான். அரிசி இல்லாமல் உலை வைத்துப் பயன் இல்லை. எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது என்று தெரியாத பிள்ளை ஏன் நடந்தது என்று எப்படிச் சொல்வான்? ஆண்டுகள் வேண்டும், பெயர்கள் வேண்டும், வரைபடம் வேண்டும்.

ஆனால் அவை மட்டும் போதுமா என்று கேட்டால், இன்னொரு ஆய்வைச் சொல்வேன். 1991-இல் சாம் வைன்பர்க் என்பவர் எட்டு வரலாற்று அறிஞர்களிடமும் எட்டுப் பள்ளி மாணவர்களிடமும் 1775-இல் அமெரிக்காவின் லெக்சிங்டனில் நடந்த மோதலைப் பற்றிய பழைய ஆவணங்களைக் கொடுத்து, படிக்கும்போது மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். அறிஞர்களில் சிலர் வேறு நாட்டு வரலாறு படித்தவர்கள். அமெரிக்கச் செய்திகளில் சில மாணவர்கள் அவர்களைவிட அதிகம் தெரிந்துவைத்திருந்தார்கள். ஆனாலும் அறிஞர்கள் தாளைக் கையில் வாங்கியதும் யார் எழுதியது, எப்போது எழுதியது என்று பார்த்துவிட்டுத்தான் படிக்கத் தொடங்கினார்கள். மாணவர்கள் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை பாடப்புத்தகம் போலப் படித்தார்கள். செய்தி தெரிந்திருந்தும் கேட்கத் தெரியவில்லை. உங்கள் மகனுக்கு அவன் ஆசிரியை இந்தப் பழக்கத்தைத்தான் ஊட்டுகிறார் என்றால் கை எடுத்துக் கும்பிடுங்கள்.

அவர் ஊட்டுகிறாரா, சும்மா விட்டுவிட்டாரா என்று எப்படித் தெரியும்? இன்று மாலை மகனிடம் "என்ன பேசினீர்கள்?" என்று கேட்காதீர்கள். "எதை வைத்துப் பேசினீர்கள்?" என்று கேளுங்கள். ஒரு படம், ஒரு கடிதம், ஒரு விலைப்பட்டியல், ஒரு வரைபடம் என்று ஏதாவது சொன்னால் கவலை வேண்டாம். "எங்கள் கருத்தைச் சொன்னோம்" என்று மட்டும் சொன்னால் அடுத்த பெற்றோர் கூட்டத்தில் பணிவாகக் கேட்டுவிடுங்கள்.

வீட்டிலும் ஒன்று செய்யலாம். ஞாயிற்றுக்கிழமை பாட்டி வீட்டுக்குப் போகும்போது அவனை ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: "கரோல் புயல் வந்தபோது எங்கே இருந்தீர்கள்?" 1960 பிப்ரவரி. அந்த வயதுள்ளவர்கள் யாருக்கும் அது மறக்காது. தகரம் பறந்ததையும், வைக்கோல் வீடு போனதையும், யார் வீட்டில் ஒதுங்கினோம் என்பதையும் சொல்வார்கள். அப்புறம் தெருவில் நின்று, நம் ஊர் வீடுகள் ஏன் இப்படித் தட்டையான கான்கிரீட் கூரையோடு இருக்கின்றன என்று அவனே பார்க்கட்டும். புயல், வீடு, அரசு கட்டிய குடியிருப்புகள், செலவு எல்லாம் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். தேர்வில் புயலைப் பற்றி ஒரு கேள்வி வந்தால் அவன் எழுதுவதை அவன் ஆயுளுக்கும் மறக்க மாட்டான்.

டீச்சர், என் பேத்தி இப்போது எதற்கெடுத்தாலும் "உங்களுக்கு எப்படித் தெரியும் தாத்தா?" என்கிறாள். காவடிக்கு விரதம் இருப்பதைப் பற்றிச் சொன்னால்கூட அப்படியே கேட்கிறாள். பள்ளியில் பெரியவர்களை எதிர்த்துப் பேசக் கற்றுக்கொடுக்கிறார்களா?
– ஒரு தாத்தா, திரியோலே

ஐயா, வருத்தப்படாதீர்கள். உங்களுக்கு அது எப்படித் தெரிந்தது என்று அவளிடம் சொல்லுங்கள். எந்த வயதில், யார் தோளில் உட்கார்ந்து, எந்தக் கோவிலில் முதல் காவடியைப் பார்த்தீர்கள்? எத்தனை நாள் விரதம் என்று யார் சொன்னார்கள்? இதையெல்லாம் இதுவரை யாராவது உங்களிடம் கேட்டிருக்கிறார்களா? என் தாத்தாவிடம் நான் கேட்கவில்லை. இப்போது கேட்க ஆள் இல்லை.

கோவிலில் சனிக்கிழமை தமிழ் வகுப்பு நடத்துகிறேன். எழுத்தும் வாசிப்பும்தான் என் வேலை, வரலாறு கிடையாது. ஆனாலும் பிள்ளைகளை யோசிக்க வைக்க ஆசை. ஒரு மணி நேரத்தில் என்ன செய்ய முடியும்?
– தமிழ் ஆசிரியை, குவாத்ர் போர்ன்

உங்களைவிட வசதியான இடத்தில் இருப்பவர் யாரும் இல்லை, அம்மா. வருகைப் பதிவேட்டைத் திறங்கள். கூப்பென், வீரபென், மூட்டூசாமி என்று பெயர்கள் இருக்கும். பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் உள்ள அந்தப் பெயரை ஒரு பக்கமும், தமிழில் அது என்னவாக இருந்திருக்கும் என்பதை எதிர்ப்பக்கமும் எழுதச் சொல்லுங்கள். குப்பன், வீரப்பன், முத்துசாமி என்று எழுதும்போது பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள்! அன்றைக்கு எழுத்துப் பயிற்சி தானாக நடந்துவிடும். ண, ன, ந வித்தியாசம்கூட சண்டை போட்டுத் தீர்மானமாகும்.

பிறகு கேளுங்கள்: முத்துசாமி தன் பெயரைத் தவறாகச் சொன்னாரா, கேட்டவருக்கு விளங்கவில்லையா? பேனா யார் கையில் இருந்தது? ஒருவருடைய தனிப்பெயர் பேரப்பிள்ளைகளுக்கெல்லாம் குடும்பப்பெயராக எப்படி ஆனது? வீட்டில் பழைய பிறப்புச் சான்றிதழ் இருந்தால் அதன் படத்தைக் கொண்டுவரச் சொல்லுங்கள். மோகாவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இந்தியக் குடியேற்றப் பதிவேடுகள் இருக்கின்றன. வந்த ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள், 1860களிலிருந்து பலருக்குப் படமும் எடுத்தார்கள். எண் தெரிந்த குடும்பம் ஒன்று உங்கள் வகுப்பில் இருந்தால், பெற்றோரோடு போய்ப் பார்த்துவரட்டும். அந்தப் படத்தில் இருப்பவர்கள் யாரும் சிரிப்பதில்லை. ஏன் என்று நீங்கள் விளக்க வேண்டாம். பிள்ளைகள் பேசுவார்கள்.

ஒரு எச்சரிக்கை. பதிவேட்டில் சாதிப் பெயரும் எழுதியிருக்கும். பெரியவர்கள் சிலர் அதைப் பார்த்துத் தயங்குவார்கள். முன்கூட்டியே வீட்டாரிடம் பேசிவிடுங்கள். ஒரு பிள்ளையை எல்லார் முன்னாலும் நாணவைத்துவிட்டு வரலாறு கற்பிக்க முடியாது.

டீச்சர், நாங்கள் பத்தாம் வகுப்பு. நம் முன்னோர்கள் அடிமைகள் என்கிறாள் என் தோழி. கையெழுத்துப் போட்டு, சம்பளத்துக்கு வந்தவர்கள் என்கிறேன் நான். இரண்டு வாரமாகச் சண்டை. யார் சொல்வது சரி?
– இரண்டு மாணவியர், தெர் ரூஜ்

கண்ணுகளா, தீர்ப்புச் சொல்ல மாட்டேன். உங்கள் சண்டைக்குத் தேவையான சாமான்களைத் தருகிறேன்.

முதலில், 'நம் முன்னோர்' என்று ஒரே கூட்டமாகச் சொல்ல முடியுமா என்று பாருங்கள். லா பூர்தொனே ஆளுநராக இருந்த 1735–1746 காலத்திலேயே புதுச்சேரிப் பக்கத்திலிருந்து தமிழ்க் கைவினைஞர்கள் சுதந்திர மனிதர்களாக வந்து கட்டடம் கட்டினார்கள். அதே பிரெஞ்சுக் காலத்தில் இந்தியாவிலிருந்து அடிமைகளாகவும் ஆட்களைக் கொண்டுவந்தார்கள். 1834-க்குப் பிறகு ஒப்பந்தக் கூலிகளாக நாலரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள், அவர்களில் தமிழர்களும் ஏராளம். உங்கள் இருவர் குடும்பமும் எந்தக் கப்பலில் வந்தது? முதலில் அதைத் தேடுங்கள்.

அடுத்து, ஒப்பந்தக்காரர்களைப் பற்றி. ஆண்களுக்கு மாதம் 5 ரூபாய் சம்பளம் என்றும், கூடவே அரிசி முதலான படி என்றும் எழுதினார்கள். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலியை வெட்டினார்கள். தோட்டத்தை விட்டு வெளியே போகச் சீட்டு வேண்டும். 1871-இல் பழைய ஒப்பந்தக்காரர்கள் 9,401 பேர் தங்கள் குறைகளைச் சொல்லி ஒரு மனு கொடுத்தார்கள். அதற்குத் துணை நின்றவர் அடோல்ஃப் தெ பிளெவிட்ஸ், அவரும் ஒரு கரும்புத் தோட்டத்தை நடத்தியவர்தான். தோட்ட முதலாளிகள் அவர் மீது கடும் கோபம் கொண்டார்கள். அடுத்த ஆண்டு லண்டனிலிருந்து அரச ஆணைக்குழு விசாரிக்க வந்தது. அடிமைக்கு இப்படி மனு கொடுக்க வழி இருந்ததா? கையெழுத்துப் போட்டவருக்கு ஒப்பந்தத்தில் இருந்தது படிக்கத் தெரிந்திருக்குமா? முதல் கேள்வி ஒருத்திக்கு, இரண்டாவது கேள்வி மற்றவளுக்கு. ஆனால் ஒரு வாரம் கழித்து இடம் மாறி, ஒருத்தியின் பக்கத்தை மற்றவள் வாதிட வேண்டும். என் வகுப்பில் இதைத் தவறாமல் செய்வேன். தன் பக்கத்தை மட்டுமே பேசிப் பழகியவர்கள் இடம் மாறும்போது முதலில் திக்குவார்கள், பிறகுதான் ஆவணத்தைச் சரியாகப் படிப்பார்கள்.

மூன்றாவது சாமான் எனக்கு மிகவும் முக்கியம். உங்கள் வகுப்பில், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழிவந்த கிரியோல் தோழிகள் இருப்பார்கள். 1835 பிப்ரவரி 1 அன்று அடிமை முறை ஒழிந்தபோது அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு ஏறத்தாழ 20 லட்சம் பவுன் இழப்பீடு கிடைத்தது. விடுதலை பெற்றவர்களுக்கு ஒரு காசும் இல்லை. மேலும் நான்கு ஆண்டுகள் 'பயிற்சியாளர்' என்ற பெயரில் பழைய எஜமானுக்கே வேலை செய்ய வேண்டியிருந்தது. இதைப் படித்த பிறகு, 'நாமும் அடிமைகள்தான்' என்ற வாக்கியத்தை அந்தத் தோழி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் அவளுக்கு எப்படி இருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். ஊகிக்க வேண்டாம், அவளிடமே கேளுங்கள். அவளையும் உங்கள் விவாதத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவள் பாட்டி சொன்ன கதை எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

மூவருமாகச் சேர்ந்து ஒரு சனிக்கிழமை போர்ட் லூயிஸில் ஆப்ரவாசி காட் போய், துறையிலிருந்து மேலே வரும் கல்படிகளுக்கு முன்னால் நில்லுங்கள். அந்தக் குடியேற்ற நிலையம் 1849-இல் கட்டப்பட்டது. உங்கள் குடும்பம் அதற்கு முன்னால் வந்திருந்தால் அந்தப் படிகளில் ஏறியிருக்காது. அதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். முடிவு எட்டியதும் எனக்கு எழுதுங்கள். எட்டவில்லை என்றாலும், எந்தத் தாள் கிடைக்காததால் எட்டவில்லை என்று எழுதுங்கள். அடுத்த இதழில் அதை வெளியிடச் சொல்கிறேன்.